காக்க முடிந்த வாக்கு: மனிதரை ஆய்வதும் நெறிமுறை ஒப்புதலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் சுருக்கம் கருதி நீக்கப்பட்டுள்ளன.)



மனிதரை நேரில் கண்டு, பேசி, எழுதி ஆயும் துறைகள் பல. சமூகவியல், கல்வியியல், உளவியல், சமூகப்பணி, மொழியியல், நாட்டார் வழக்காற்றியல் என்று பட்டியல் நீளும். இத்துறைகளின் ஆய்வு மாணவர்களிடையே இன்று புழங்கும் கேள்வி ஒன்று உண்டு: “எத்திக்ஸ் கிளியரன்ஸ் வாங்கியாச்சா?” களப்பணி தொடங்கும் முன் இந்தக் கேள்வி எழுந்தால் நல்லது. பல நேரங்களில் அது காலம் தாழ்ந்தே எழுகிறது. தரவு திரட்டி, அட்டவணை போட்டு, கட்டுரையும் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிய பின், இதழாசிரியர் ஒப்புதல் எண் கேட்கும்போதுதான் நெறிமுறைக் குழு என்ற ஒன்று நினைவுக்கு வருகிறது. முடிந்துபோன களப்பணிக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தருவது எந்தக் குழுவுக்கும் முறையன்று. ஆனாலும் கேட்கிறார்கள்.

மாணவரின் சோம்பல்தான் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. ஒப்புதல் என்பதை நாம் புரிந்துவைத்திருக்கும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது. பல்கலைக்கழகம் ஆய்வாளருக்குத் தரும் அனுமதியாக அதை எண்ணுகிறோம். அனுமதி என்றால் தருபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். இருவருமே பல்கலைக்கழக மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள். யாரைப் பற்றி ஆய்வு நடக்கிறதோ அவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து இது: நெறிமுறை விண்ணப்பம் என்பது, அறையில் இல்லாத அந்த மனிதருக்கு ஆய்வாளர் கொடுக்கும் வாக்கு. குழு அதற்குச் சாட்சி. வாக்கு என்று பார்த்தால், குழு கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. கொடுக்கப்பட்டுள்ள வாக்குகளில் எவற்றை இந்த ஆய்வாளரால், இந்தக் களத்தில், இந்தச் சட்டச் சூழலில் காப்பாற்ற முடியும் என்று கேட்க வேண்டியதாகிறது. நம் விண்ணப்பங்களில் வாக்குகளுக்குப் பஞ்சமில்லை. காக்க முடியாதவை அவற்றுள் தாராளமாகக் கலந்திருக்கின்றன என்பதே என் கவலை. இதை ஆறு பகுதிகளாக விளக்க முயல்கிறேன்.

1. குழுக்கள் தோன்றிய வரலாறு

இது பலரும் அறிந்த வரலாறு என்பதால் வேகமாகக் கடந்துவிடலாம். நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-இல் நியூரம்பர்க் நெறிகள் பத்தும் வந்தன. மனமுவந்த ஒப்புதல் இன்றி எவர்மீதும் சோதனை கூடாது என்பது அவற்றுள் முதலாவது. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. 1975-இல் டோக்கியோவில் அதைத் திருத்தியபோதுதான், ஆய்வுத் திட்டத்தைச் சுயேச்சையான ஒரு குழு பார்வையிட வேண்டும் என்பதும், நெறிகளுக்கு மாறான ஆய்வுகளை இதழ்கள் வெளியிடக் கூடாது என்பதும் சேர்ந்தன. இதழாசிரியர் இன்று ஒப்புதல் எண் கேட்பதன் வேர் அங்கே இருக்கிறது.

அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரப் பணித்துறையே நடத்திய ஆய்வு அது. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களையும் நோய் இல்லாத 201 பேரையும் சிகிச்சை தராமல் கவனித்துவந்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் பெனிசிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. இதை ‘ஒப்புதல் பெறாத ஆய்வு’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நடந்தது அதைவிட மோசம். அந்த மனிதர்களுக்கு வாக்குகள் கொடுக்கப்பட்டிருந்தன. ‘கெட்ட ரத்தத்துக்கு’ மருத்துவம் பார்ப்பதாகச் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீர் எடுத்ததைச் சிறப்புச் சிகிச்சை என்று சொல்லி அழைத்தார்கள். சாப்பாடும் ஈமச்செலவும் தருவதாகச் சொன்னார்கள். சாப்பாடும் ஈமச்செலவும் கிடைத்தன, மருத்துவம் கிடைக்கவில்லை. இந்தக் கொடுமை வெளியான பின் அமெரிக்கா 1974-இல் சட்டம் இயற்றியது. 1979-இல், மனிதரை ஆய்வதற்கான அடிப்படை நெறிகளைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கை வெளிவந்தது.

இந்தியாவில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் முதல் கொள்கை அறிக்கையையும், 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் விரிவான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், உயிர்மருத்துவ, உடல்நல ஆய்வுகளைப் பார்வையிடும் குழுக்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமாக்கின. சமூக அறிவியலாருக்கென மும்பையில் உருவான ஒரு தேசியக் குழு 2000-இல் நெறிகள் வகுத்தது. அதுவும் உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்கே. ஆக, கல்குவாரித் தொழிலாளர் பற்றியோ, பள்ளிகளில் சாதி பற்றியோ, புலம்பெயர்ந்து வந்த வடமாநிலத்தார் பற்றியோ ஆயும் மாணவரை நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு நெறிமுறை குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தைக் கொண்டுவந்தது. கருத்துத் திருட்டு, போலி இதழ்கள், மேற்கோள் குறியீடுகள் எல்லாம் அதில் உண்டு. களத்தில் சந்திக்கும் மனிதருக்கென்று தனி அலகு இல்லை.

2. யாரிடம் ஒப்புதல் கேட்கிறோம்

2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பதின்வயதுச் சிறுமியருக்குப் போடும் செயல்விளக்கத் திட்டம் ஒன்றை ஒரு பன்னாட்டு அமைப்பு நடத்தியது. சில சிறுமியரின் இறப்பை ஒட்டி எழுந்த எதிர்ப்பால் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருந்ததாக விசாரணையில் நிறுவப்படவில்லை. தடுப்பூசியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கேள்வி படிவங்களைப் பற்றியது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அளித்த அறிக்கை, ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர் என்கிறது. பழங்குடிச் சிறுமியர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்தார்கள். பெற்றோர் தொலைவில், மலையூர்களில் இருந்தார்கள். காப்பாளர் பக்கத்தில் இருந்தார். கோப்பில் படிவம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் மட்டும் கேட்கப்படவில்லை.

‘மருந்துச் சோதனையில் அப்படி நடக்கும், நாங்கள் வெறும் வினாநிரல் கொண்டு போகிறவர்கள்’ என்று சமூக அறிவியல் மாணவர் சொல்லக்கூடும். ஒரு நூறு நாள் வேலைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் பெண்கள் வரிசையாக மண் வெட்டிக் கொட்டுகிறார்கள். மாணவர் வினாநிரலோடு வருகிறார். ஊராட்சி மன்றத் தலைவரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியாயிற்று. பணித்தளப் பொறுப்பாளர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அருகிலேயே நிற்கிறார். “காலேஜ்லேருந்து வந்திருக்காங்க, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்கம்மா” என்று அவரே ஆரம்பித்தும் வைக்கிறார். மாணவர் படிவத்தை வாசிக்கிறார்: விருப்பம் இல்லையென்றால் மறுக்கலாம், பாதியிலும் விலகிக்கொள்ளலாம். யார் மறுப்பார்? நாளைக்கு வருகை போடப்போகிற கை எதிரே நிற்கிறது. படிவத்திலுள்ள வாக்கியம் தாளில் உண்மையாகவும் ஏரிக்கரையில் பொய்யாகவும் இருக்கிறது. அடுத்த கேள்வி, ‘உங்களுக்குக் கூலி முழுதாக வருகிறதா?’ என்பது. அதற்கு அங்கே என்ன விடை கிடைக்கும் என்பதும் நமக்குத் தெரியும். நெறி பிழைத்த இடத்தில் தரவும் பிழைத்துவிடுகிறது.

இந்த மாணவர் தன் விண்ணப்பத்தில், ‘பங்கேற்பாளர் எவ்வித வற்புறுத்தலுமின்றிப் பங்கேற்பர்’ என்று எழுதியிருப்பார். அந்த வாக்கியத்தைக் காக்க வேண்டுமானால் இடத்தை மாற்ற வேண்டும், நேரத்தை மாற்ற வேண்டும். மாலையில், வீட்டு வாசலில், பொறுப்பாளர் இல்லாதபோது பேச வேண்டும். யார் பேசினார், யார் மறுத்தார் என்பதைத் தலைவரிடமும் பொறுப்பாளரிடமும் சொல்வதில்லை என்று முன்கூட்டியே அவர்களுக்கே தெரிவித்துவிட வேண்டும். குழு இந்த விவரங்களைத்தான் கேட்க வேண்டும். தலைமையாசிரியர் அனுமதித்த வகுப்பறைக்கும், மேலாளர் அனுமதித்த ஆலைக்கும், செவிலியர் கூட்டிவைத்த ஆரம்பச் சுகாதார நிலைய வராந்தாவுக்கும் இது பொருந்தும். வாயிலில் நிற்பவரின் அனுமதி உள்ளே போவதற்கு மட்டுமே. உள்ளே இருப்பவரின் சம்மதத்துக்கு அது ஈடாகாது என்பதை 2017 வழிகாட்டு நெறிகளும் தெளிவாகச் சொல்கின்றன.

3. எதற்காகக் கேட்கிறோம்

அமெரிக்காவின் அரிசோனாவில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினரிடம் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்த மாதிரி எடுத்தார்கள். அம்மக்களிடையே நீரிழிவு மிகுதி. அதன் காரணத்தைக் கண்டறிய உதவுவதாகவே பேச்சு. படிவத்திலோ அதைவிட அகலமான சொற்கள் இருந்தன. பின்னர் அதே மாதிரிகள் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவில் மணம், ஆசியாவிலிருந்து குடிபெயர்ந்த வரலாறு ஆகியவற்றை ஆய்வதற்கும் பயன்பட்டன. அந்தப் பள்ளத்தாக்கே தாங்கள் தோன்றிய இடம் என்பது அம்மக்களின் சமய நம்பிக்கை. 2003-இல் அவ்வினத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்க அமர்ந்தபோதுதான் செய்தி வெளிப்பட்டது. வழக்கு நடந்து, 2010-இல் ஏழு லட்சம் டாலர் இழப்பீடும் மிஞ்சிய ரத்த மாதிரிகளும் அவர்களிடம் திரும்பின. படிவத்தின் எழுத்தை வைத்து ஆய்வாளர் தரப்பு வாதிட முடிந்தது. ஆனால் படிப்பறிவு குறைந்த ஒரு சமூகத்திடம் பேச்சில் சொன்னதுதான் வாக்கு. தாளில் அகலமாக எழுதிவைத்துக்கொண்டு, வாயால் குறுக்கிச் சொல்வது இரண்டு வாக்குகள் கொடுப்பதாகும்.

நம் துறைகளில் ரத்தத்தின் இடத்தில் குரல் இருக்கிறது. தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டுப் பதிவுசெய்த ஒலிக்கோப்பு, ஆய்வு முடிந்ததும் இணையத்தில் ஏறலாம். பேச்சுணரும் மென்பொருளுக்குப் பயிற்சித் தரவாகலாம். தன் வீட்டுச் சாவில் அழுத பெண்ணின் குரல், அவர் அறியாத கேட்போரைச் சென்றடையலாம். இவற்றுள் எதுவும் தவறு என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியே கேட்டிருக்க வேண்டும் என்பதே தேவை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆய்வுப் பணிக்கு விலக்கு அளிக்கிறது. சட்டம் கையை விடும் இடத்தில் வாக்கின் பொறுப்பு கூடுகிறது.

‘தரவை நாங்கள் திரட்டவில்லை, ஏற்கெனவே இருந்தது’ என்ற வாதமும் இங்கே வருகிறது. 2012 ஜனவரியில் ஒரு வார காலம் ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பயனர்களின் செய்தியோடையில் மகிழ்ச்சியான அல்லது வருத்தமான பதிவுகளைக் குறைத்துக் காட்டி, அவர்களது மனநிலை மாறுகிறதா என்று சோதித்தது. 2014-இல் கட்டுரை வெளிவந்தபோது, ஆய்வில் பங்குகொண்ட கார்னெல் பல்கலைக்கழகம், தரவு திரட்டியது நிறுவனமே என்பதால் தன் குழுவின் பார்வைக்கு அது வரவில்லை என்றது. கட்டுரையை வெளியிட்ட இதழே பின்னர் கவலைக் குறிப்பு ஒன்றை வெளியிட நேர்ந்தது. அனுமதி என்ற கோணத்தில் பார்த்தால் பல்கலைக்கழகம் சொன்னது சரி. அந்தப் பயனர்களுக்கு யார் என்ன வாக்குக் கொடுத்திருந்தார் என்று கேட்டால் விடையே இல்லை.

4. ரகசியம் காப்போம் என்ற வாக்கு

விண்ணப்பங்களில் மிகத் தாராளமாகக் கொடுக்கப்படும் வாக்கு இதுதான்: ‘நீங்கள் கூறும் தகவல்கள் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்.’ இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தச் சொற்பொழிவின் பெரும்பகுதியைச் செலவிடலாம். அது இரண்டு இடங்களில் உடைகிறது. ஒன்று ஊரில், மற்றொன்று நீதிமன்றத்தில்.

முதலில் ஊர். ஆந்த்ரே பெத்தேய் 1965-இல் வெளியிட்ட, தஞ்சைக் கிராமம் ஒன்றின் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய புகழ்பெற்ற நூலில் ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் இட்டார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய ஊராய்வுகளில் இருவேல்பட்டு போன்ற ஊர்கள் சொந்தப் பெயரிலேயே இடம்பெற்றன. பெயர் வெளிப்படையாக இருந்ததால்தான் பிற்கால ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் அதே ஊருக்குப் போய், நிலவுடைமையும் கூலியும் எப்படி மாறின என்று தலைமுறை கடந்து ஒப்பிட முடிந்தது. பெயரை மறைப்பது எப்போதும் நல்லது என்று விதி செய்ய முடியாது என்பதற்கு இருவேல்பட்டு சான்று.

புனைபெயர் வெளியூர்க்காரரிடமிருந்து காக்கும், உள்ளூர்க்காரரிடமிருந்து காக்காது. அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றில் மனநோயைப் பற்றி ஆய்ந்து நான்சி ஷெப்பர் ஹியூஸ் 1979-இல் வெளியிட்ட நூலிலும் ஊருக்குப் புனைபெயர்தான். ஊரார் தங்களையும் அண்டைவீட்டாரையும் அந்நூலில் அடையாளம் கண்டுகொண்டார்கள். இருபது ஆண்டு கழித்து 1999-இல் அவர் திரும்பிச் சென்றபோது ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். நம் ஆய்வேட்டு நடை ஒன்றை நினைத்துப் பாருங்கள்: ‘அந்த ஊராட்சியின் தலைவி, வயது 42, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், கணவர் லாரி ஓட்டுநர், துணைத்தலைவர் தன்னை நாற்காலியில் அமர விடுவதில்லை என்றார்.’ பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒன்றியத்தில் இருப்பவர் யாருக்கும் அடுத்த நொடியே ஆள் தெரிந்துவிடும். அவர் யாருக்கு அஞ்சிப் பெயரை மறைக்கச் சொன்னாரோ, அந்தத் துணைத்தலைவருக்கு முதலில் தெரியும். ஆய்வேடுகள் இணையத்தில் ஏறிவிட்ட இன்றைய நிலையில் நூலகத்தின் தூசியும் காப்பாற்றாது. வயதை மாற்றலாம், கணவர் தொழிலை விட்டுவிடலாம், மூன்று ஊராட்சிகளின் தலைவியர் சொன்னதைக் கலந்து எழுதலாம். எப்படிச் செய்யப்போகிறோம் என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். எழுதிய பகுதியை அவரிடமே வாசித்துக் காட்டுவதாகவும் சொல்லலாம். அப்படிச் செய்ய இயலாது என்றால் ‘முற்றிலும்’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும்.

அடுத்து நீதிமன்றம். நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களைப் பற்றி ஒரு மாணவி ஆய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, மேற்பார்வையாளர் தன்னிடம் முறைகேடாக நடந்ததைச் சொல்கிறாள். சொல்வதற்குக் காரணம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அக்கா தாளில் வாசித்த வாக்கியம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21-ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. மாணவி தெரிவித்தால் வாக்கு மீறியவர், தெரிவிக்காவிட்டால் சட்டம் மீறியவர். இந்த நெருக்கடியைக் களத்தில் அவர் தனியே நின்று தீர்த்துக்கொள்ளும்படி விட்டது, வாக்கியத்தைப் பார்த்தும் பாராமல் ஒப்புதல் அளித்த குழு. பதினெட்டு வயதுக்குட்பட்டவரைச் சந்திக்கும் எந்த ஆய்விலும் தகவல் தாள் இப்படித் தொடங்க வேண்டும்: ‘நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு எழுத மாட்டேன். ஆனால் பதினெட்டு வயது ஆகாத யாருக்காவது பாலியல் தொல்லை நடந்ததாகச் சொன்னால், சட்டப்படி நான் அதைத் தெரிவித்தாக வேண்டும். அதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.’ இதைக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்களே என்றால், சிலர் திறக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அந்த இழப்பை ஆய்வு ஏற்க வேண்டும். விவரம் கட்டாயம் தேவையென்றால், பெயரும் முகமும் ஆய்வாளருக்கே தெரியாதபடி எழுதிப் பெட்டியில் போடும் முறையில் வினாநிரலை அமைக்கலாம். உதவி தேடுவோருக்கு 1098 என்ற எண்ணை அத்தாளின் கீழே அச்சிடலாம்.

வாய்மொழி வரலாற்றில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்து மோதலில் இரு தரப்பிலும் ஆயுதம் ஏந்தியவர்களின் நினைவுகளை 2001 முதல் 2006 வரை ஒலிப்பதிவு செய்தது. உயிரோடு இருக்கும்வரை வெளியிடுவதில்லை என்பது பேசியவர்களுக்குக் கொடுத்த வாக்கு. 2011-இல் பிரிட்டன் தரப்பு, இரு நாடுகளுக்கிடையிலான சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே பதிவுகளைக் கேட்டது. வழக்காடியும் பல பதிவுகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கைதுகள் நடந்தன. திட்ட இயக்குநரோடு கல்லூரி செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ‘அமெரிக்கச் சட்டம் இடம்தரும் அளவுக்கு’ என்ற வரம்பு இருந்தது. பேசியவர்கள் கையெழுத்திட்ட தாளில் அந்தச் சொற்கள் இல்லை. வாக்கின் எல்லையை அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. ஈழப் போரின் நினைவுகளை யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் லண்டனிலும் பதிவுசெய்துவரும் ஆய்வாளர்கள் இந்த வழக்கை வரிவரியாகப் படிக்க வேண்டும். 1979-இல் தற்காலிகமாகக் கொண்டுவந்து நிலைத்துப்போன பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பல பத்தாண்டுகள் வாழ்ந்த மக்களின் குரல் அது. ஒலிக்கோப்பு எந்த நாட்டின் கணினியில் இருக்கிறது, அந்த நாட்டு நீதிமன்றம் கேட்டால் என்ன ஆகும், இவற்றைச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் அரைச் சம்மதம்.

5. மறுப்புகள்

இக்கருத்துக்கு எதிராக வலுவான வாதங்கள் உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

மருத்துவச் சோதனைக்கென்று செய்த விதிகளைச் சமூக அறிவியல் மேல் திணிக்கிறார்கள் என்பது முதல் மறுப்பு. வரலாற்றாசிரியர் சக்கரி ஷ்ராக் இதை ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். அமெரிக்க விதிகளின் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், வாய்மொழி வரலாறு, இதழியல், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றைத் தன் வரம்பிலிருந்து விலக்கியது. இந்த மறுப்பின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். கையெழுத்துப் படிவமே சில களங்களில் தீங்கு. பத்திரத்திலும் வெற்றுத்தாளிலும் கைநாட்டு வைத்து நிலம் இழந்த நினைவு உள்ள ஊரில், முதல் சந்திப்பிலேயே மைப்பெட்டியை நீட்டுவது மரியாதை ஆகாது. வாய்மொழிச் சம்மதம் போதும். அதை எப்படிக் கேட்டோம் என்ற குறிப்பு போதும். ஆனால் விதி பொருந்தாது என்பதால் வாக்கும் இல்லை என்று ஆகிவிடாது. பாஸ்டன் கல்லூரியில் நடந்தது வாய்மொழி வரலாறுதான்.

இரண்டாவது மறுப்பு எனக்கு மிக முக்கியமானது. அதிகாரத்தில் இருப்பவரை ஆய்வதை இந்த முறை தடுத்துவிடாதா? மணல் கொள்ளையை ஆய்பவர் குவாரி உரிமையாளரின் சம்மதப் படிவத்தோடுதான் போக வேண்டுமா? வேண்டியதில்லை. கனடாவின் ஆய்வு நெறிக் கொள்கை, நிறுவனங்களை விமர்சன நோக்கில் ஆய்வதற்கு அந்த நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களுக்கும், பதவியின் பேரில் செய்த செயல்களுக்கும் யாரும் ரகசியம் கோர முடியாது. வாக்கு என்பது, அதை நம்பி ஒருவர் தன்னை நம் கையில் ஒப்படைக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. குவாரி உரிமையாளர் நமக்கு எதையும் ஒப்படைக்கவில்லை. அவரைப் பற்றி நம்மிடம் பேசிய லாரி ஓட்டுநர் ஒப்படைத்திருக்கிறார். குழுவின் அக்கறை ஓட்டுநர் பக்கம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்கு ஊறு வரும் என்று அஞ்சி ஒரு குழு இத்தகைய ஆய்வை நிறுத்துமானால், அது நெறிமுறைக் குழுவின் வேலையைச் செய்யவில்லை.

காலதாமதம் மூன்றாவது. உதவித்தொகை நாளெண்ணிக்கொண்டிருக்க, குழு எப்போது கூடும் என்று தெரியாமல் மாணவர் காத்திருப்பது அநீதி. இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. பார்வையிடத் தேவையில்லாதவை, விரைவாகப் பார்வையிடத்தக்கவை, முழுக் குழுவும் கூடிப் பார்க்க வேண்டியவை என்று 2017 நெறிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. தீங்கின் அளவே அளவுகோல். சமூக அறிவியலுக்கும் அப்படியே செய்யலாம்.

‘நம் மக்கள் தனித்தனியாக முடிவெடுப்பவர்கள் அல்லர், ஊரும் குடும்பமும்தான் முடிவெடுக்கும், தனிமனிதச் சம்மதம் மேற்கத்தியச் சரக்கு’ என்பது கடைசி மறுப்பு. இதை நான் அறவே ஏற்கவில்லை. ஊர் என்பது யார்? பெரும்பாலும் அது ஆண்கள், நிலம் உள்ளவர்கள், மூத்தவர்கள். ஊரின் பேரால் பேசுபவர், சேரியின் பேராலும் மருமகளின் பேராலும் பேசிவிடுகிறார். ஊரிடம் முதலில் சொல்வது முறை. பிறகு ஒவ்வொருவரிடமும் தனியே கேட்பது கடமை. காப்பாளர் கையெழுத்திட்ட அந்த 2,763 படிவங்களும் இந்த வாதத்தின் வழியே வந்தவைதான்.

6. விண்ணப்பம் எப்படி இருக்கலாம்

ஆய்வு மாணவர்களுக்கு நேரடியாகச் சில சொற்கள். விண்ணப்பத்தை ஆய்வுத் திட்டத்தோடு சேர்த்தே எழுதத் தொடங்குங்கள். ஏனென்றால், நூறு நாள் வேலைத் தளத்தில் பார்த்ததுபோல, வாக்கைக் காக்கும் முயற்சியே மாதிரி எடுக்கும் இடத்தையும் வினாக்களின் வரிசையையும் மாற்றிவிடும். தகவல் தாளைக் களத்தில் பேசும் தமிழில் எழுதி, உங்கள் துறை சாராத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். உங்களது கைப்பேசி எண்ணோடு நிறுத்தாமல், உங்கள் மேல் புகார் சொல்ல விரும்பினால் யாரை அழைப்பது என்பதையும் தாளில் கொடுங்கள். ‘இந்த ஆய்வு உங்கள் ஊருக்கு நன்மை தரும்’ என்று எழுதாதீர்கள். சாலை போடவோ பட்டா வாங்கித்தரவோ உங்களால் முடியாது. கேட்பவர் அதைத்தான் எதிர்பார்ப்பார், அடுத்த ஆய்வாளர் போகும்போது அதையே கேட்பார்.

நெறியாளர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழுவில் நிறுவனத்தைச் சாராதவர் பாதிப் பேர் இருக்க வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், துறைசாராப் பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்று மருத்துவ ஆய்வுக் குழுக்களுக்கு விதி இருக்கிறது. கலை, சமூக அறிவியல் புலங்களில் அமைக்கும் குழுவிலும் அதைக் கடைப்பிடிக்கலாம். அந்தப் பொதுமக்கள் இடத்தில் ஓய்வுபெற்ற இன்னொரு பேராசிரியரை அமர்த்துவதைவிட, சத்துணவு அமைப்பாளராக இருந்தவரையோ, ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்த பெண்ணையோ அமர்த்தினால், வருகைப் பதிவேட்டோடு அருகில் நிற்கும் பொறுப்பாளரைப் பற்றி யாரும் அவருக்கு விளக்க வேண்டியிராது.

குழுவின் வேலை ஒப்புதல் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் நம் நடைமுறையின் மிகப் பெரிய ஓட்டை. மருத்துவ ஆய்வில் இடைக்கால அறிக்கையும் நிறைவறிக்கையும் கேட்கிறார்கள். நாமும் வாய்மொழித் தேர்வுக்கு முன் ஒரு பக்க அறிக்கை கேட்கலாம். எத்தனை பேர் மறுத்தார்கள், மறுத்தபோது என்ன செய்தீர்கள். ஒலிப்பதிவுகள் இப்போது எங்கே இருக்கின்றன, யார் கையில். முடிவுகளை ஊருக்குத் திருப்பிச் சொல்வதாக எழுதியிருந்தீர்களே, சொன்னீர்களா. கொடுத்த வாக்குகளில் எதைக் காக்க முடியவில்லை, ஏன். மறுத்தவர் ஒருவர்கூட இல்லை என்று அறிக்கை வந்தால், அதுவே புறத்தேர்வாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இந்த ஒரு பக்கத்துக்கு அரசாணையும் வேண்டாம், மானியக் குழுவின் சுற்றறிக்கையும் வேண்டாம். துறை ஆய்வுக் குழு ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வரும் பருவத்தில் ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பிக்கும் மாணவர்களிடமிருந்தே தொடங்கலாம்.